பெப்பரோன்சினியா, பிபாராவா, துருக்கி துர்ஷுவா: எந்த மிளகாய்ப் பாட்டிலை வாங்குவது?

ஹம்மஸ், ஃபலாஃபெல், கிரேக்க சாலட், வீட்டு பீட்சா என்று சமைக்கத் தொடங்கியவர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். செய்முறையில் "காரம் குறைந்த, ஊறவைத்த மிளகாய்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். கடையில் போய் நின்றால் மஞ்சளாக ஒன்று, பச்சையாக ஒன்று, உருண்டையாக ஒன்று, வளையமாக நறுக்கியது ஒன்று என்று அலமாரி நிறையப் பாட்டில்கள். விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கும். எதை எடுப்பது? ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் என்ன ஆகும்? வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா?

மிளகாய் என்றதும் நாம் முதலில் கேட்பது "எவ்வளவு காரம்?" என்பதைத்தான். இந்தப் பாட்டில்கள் விஷயத்தில் அந்தக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். மத்தியதரைக்கடல் ஓரத்து சமையலில் ஊறவைத்த மிளகாய் காரத்துக்காக வருவதில்லை, புளிப்புக்காக வருகிறது. ஆலிவ் எண்ணெய், வெண்ணெய்க்கட்டி, வெந்த பயறு, கொழுப்புள்ள இறைச்சி என்று நாக்கில் கனமாகப் படியும் உணவுகள் அங்கே அதிகம். அந்தக் கனத்தை அறுக்க ஒரு புளிப்பு வேண்டும். ஆலிவையும் கேப்பர் எனும் பூமொட்டையும் மீனையும் உப்பிலும் வினிகரிலும் போட்டு வைப்பது அங்கே மிகப் பழைய பழக்கம். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பெயினுக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். வந்த மிளகாய் ஏற்கெனவே இருந்த அந்த ஜாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதனால் பாட்டிலில் நீங்கள் வாங்குவது பாதி மிளகாய், பாதி அது ஊறும் தண்ணீர். இந்த இரண்டாவது பாதியைக் கவனிக்காமல் வாங்கினால்தான் "செய்முறைப்படி செய்தும் சரியாக வரவில்லை" என்ற ஏமாற்றம் வருகிறது.

## எதை எல்லாம் பார்க்க வேண்டும்

புளிப்பு எங்கிருந்து வருகிறது. இதுதான் முதல் கேள்வி. வினிகரில் போட்ட மிளகாய் சுள்ளென்று நேராகப் புளிக்கும். உப்புநீரில் போட்டுத் தானாகப் புளிக்கவிட்ட மிளகாயில் இருப்பது லாக்டிக் அமிலம், அதாவது தயிரில் இருக்கும் அதே அமிலம். அது மெதுவாக, ஆழமாகப் புளிக்கும். இந்த இரண்டும் ஒரே தட்டில் ஒரே வேலையைச் செய்யாது.

தோலும் சதையும். மெல்லிய தோல் என்றால் கடித்த உடனே உடைந்து வாயோடு கலந்துவிடும். தடித்த தோல் என்றால் கடைசியில் சக்கையாக நிற்கும். பச்சையாகச் சாப்பிடும்போது இது ரொம்ப முக்கியம். வதக்கி, அடுப்பில் வேகவைக்கப் போகிறீர்கள் என்றால் பெரிதாகப் பொருட்படுத்த வேண்டாம்.

உள்கூடு. மிளகாய் உள்ளே காலியாக இருக்கும் காய். அந்தக் காலி இடத்தில் ஊறல் தண்ணீர் நிறைந்திருக்கும். சிலவற்றில் ஒரு மடக்குக்குப் போதுமான அளவு இருக்கும், சிலவற்றில் துளிதான். சாண்ட்விச்சில் முழுதாக வைத்தால் ரொட்டி நனைந்து போவதும், குழம்பில் முழுதாகப் போட்டால் சாறு இறங்கி ருசி கூடுவதும் இதனால்தான்.

காரம். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் சொன்னால் இந்த வகைகள் பெரும்பாலும் 500க்குள் அடங்கும். மெக்சிகோவின் ஹாலபீனோ மிளகாய் 2,500 முதல் 8,000 வரை போகும். நம் வீட்டுப் பச்சை மிளகாய் அதையும் தாண்டிப் பல மடங்கு மேலே நிற்கும். "நம்ம பச்சை மிளகாயையே வினிகரில் போட்டால் காரம் இறங்கிவிடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறங்காது. காரத்தைத் தரும் கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாத பொருள். கொஞ்சம் வெளியே கசியும், மிச்சம் காயிலேயே இருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு. உப்பு, நிறமி, பதப்படுத்தும் சல்ஃபைட், வடிகட்டிய பிறகு மிஞ்சும் எடை, திறந்த பிறகு ஃபிரிட்ஜில் பிடிக்கும் இடம். இவற்றை ஒவ்வொன்றின் கீழும் சொல்கிறேன்.

## கிரேக்கத்துப் பெப்பரோன்சினி

மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம், சுருக்கம் விழுந்த உடல், விரல் நீளம். வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டில் சுலபமாகக் கிடைப்பது இதுதான். 100 முதல் 500 ஸ்கோவில். சதை மெல்லியது, உள்ளே நிறையத் தண்ணீர் பிடிக்கும், கடித்தால் பீய்ச்சி அடிக்கும். இத்தாலிய வகையும் உண்டு. கிரேக்க வகை அதைவிடச் சற்று இனிப்பாக, கசப்பு குறைவாக இருக்கும்.

வாங்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்கவேண்டும். இத்தாலியக் கடையில் போய் "பெப்பரோன்சினோ" கேட்டால் காரமான சிவப்பு மிளகாயைத்தான் தருவார்கள். காரமில்லாத அந்தப் பச்சை மிளகாய்க்கு அங்கே ஃபிரிஜிதெல்லோ என்று பெயர். நேப்பிள்ஸ் பக்கம் அதை முழுதாக எண்ணெயில் பொரித்துத் தக்காளியோடு சாப்பிடுவார்கள்.

கிரீஸில் இது எங்கே வருகிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கிரேக்க சாலட் என்றாலே இந்த மஞ்சள் மிளகாய் மேலே இருக்கவேண்டும் என்று நினைக்கிறோம். அது அமெரிக்க உணவகங்களின் வழக்கம். கிரீஸில் ஹோரியாத்திகி எனும் அந்தச் சாலட்டில் தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஆலிவ், ஃபெட்டா எனும் வெண்ணெய்க்கட்டி இவற்றோடு போடுவது பச்சைக் குடைமிளகாய்தான். ஊறவைத்த மிளகாய் ஊசோ, சிப்புரோ போன்ற மதுவோடு வைக்கும் சிறு தட்டுகளில் வரும். அதைவிட முக்கியமாக ஃபசோலாதா பக்கத்தில் வரும். வெள்ளை பீன்ஸ், கேரட், செலரி, தக்காளி, நிறைய ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் கொதிக்கவைக்கும் சூப் அது. பக்கத்தில் ஆலிவ், உப்பு மீன், இந்த மிளகாய். ஒரு கரண்டி சூப், ஒரு கடி மிளகாய் என்று சாப்பிட்டுப் பார்த்தால் இந்தக் காய் எதற்காக இருக்கிறது என்பது ஒரே வாயில் புரிந்துவிடும். வெறும் சூப்பைப் பாதிக் கிண்ணத்துக்கு மேல் சாப்பிட முடியாதவர்கூட இதோடு சேர்த்தால் முழுக் கிண்ணமும் முடிப்பார்.

இதன் பெரிய பலம் அந்தத் தண்ணீர். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு ஆலிவ் எண்ணெய் என்ற கணக்கில் அடித்தால் சாலட்டுக்கு வேறு வினிகர் வேண்டாம். கோழியைச் சில மணி நேரம் ஊறப்போட்டுச் சுடலாம். ஃபெட்டாவை மசித்து, நறுக்கிய மிளகாயும் ஒரு கரண்டித் தண்ணீரும் சேர்த்தால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள நல்ல விழுது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது உப்பு. பெரும்பாலான பாட்டில்களில் 30 கிராமுக்கு 300 முதல் 500 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கும். உப்பாகக் கணக்கிட்டால் சுமார் ஒரு கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் உச்ச அளவே 5 கிராம் உப்புதான். ஃபெட்டாவும் ஆலிவும் ஏற்கெனவே தட்டில் இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள்; அந்தச் சாலட்டில் தனியாக உப்புப் போடவே கூடாது. இரண்டாவது நிறம். பச்சைக் காய் அமிலத்தில் ஊறினால் பச்சையம் சிதைந்து மங்கிய காக்கி நிறம் வரும். அது இயல்பு. பாட்டிலில் பளபளவென்று எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் லேபிளில் டார்ட்ரசைன் அல்லது இ102 என்று இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகளின் கவனத்தைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையோடுதான் ஐரோப்பாவில் அந்த நிறமியை விற்கவேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் சல்ஃபைட்டையும் பார்க்கவேண்டும். லேபிளில் இ220 முதல் இ228 வரையிலான எண்களில் வரும். நிறமி சேர்க்காத பாட்டில்கள் கிடைக்கின்றன. பார்க்க மங்கலாக இருக்கும், நான் எப்போதும் அதைத்தான் எடுப்பேன்.

## பாஸ்க் நாட்டுப் பிபாரா

ஸ்பெயினின் வடக்கே, கிப்புஸ்கோவா மாகாணத்தில், தொலோசா நகரத்தை ஒட்டி இபாரா என்று ஒரு சிற்றூர். இந்த மிளகாய்க்கு அந்த ஊரின் பெயரே அடையாளம். ஸ்பானிய மொழியில் கிந்தீயா, பாஸ்க் மொழியில் பிபாரா. உள்ளூர்க்காரர்கள் செல்லமாக "இபாரா இறால்" என்பார்கள். ஒல்லியாக, நீளமாக, லேசாக வளைந்து, இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் இருக்கும்.

இதன் அருமை முழுக்க அதன் இளமையில் இருக்கிறது. காய் முற்றுவதற்கு முன், தோல் தடிப்பதற்கு முன், கையால் பறித்துவிடுவார்கள். கோடையில் தொடங்கி இலையுதிர்காலம் வரை செடியைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பறிக்கவேண்டும். மழையும் மிதமான குளிரும் உள்ள பகுதி என்பதால் செடி வெயிலில் வாடுவதில்லை. செடி வாடினால், தண்ணீருக்குத் தவித்தால், மிளகாயில் காரம் ஏறும். அப்படியும் பாட்டிலில் எங்காவது ஒன்று சுறுக்கென்று இருக்கும், அதைச் சகித்துக்கொள்ள வேண்டும். பறித்த காயை வெள்ளை ஒயின் வினிகரில் போடுகிறார்கள். தோல் அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் கடித்தால் மொறுக்கென்று உடையும், சக்கையே மிஞ்சாது.

இரண்டு உணவுகள் இதற்காகவே பிறந்தவை போல இருக்கின்றன. ஒன்று ஹில்டா. சான் செபஸ்தியான் நகரத்து மதுக்கடைகளில் 1940களில் பிறந்த சிறுகடி. ஒரு பல்குச்சியில் பச்சை ஆலிவ், உப்பில் பதப்படுத்திய நெத்திலி, இரண்டு மூன்று பிபாரா. அவ்வளவுதான். அடுப்பே கிடையாது. 1946இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் நாயகி பெயரை வைத்தார்கள். நெத்திலியின் உப்பும் எண்ணெயும், ஆலிவின் கசப்பும், மிளகாயின் புளிப்பும் ஒரே வாயில் சந்திக்கவேண்டும். பிபாராவுக்குப் பதில் பெப்பரோன்சினி போட்டுப் பாருங்கள்: உள்ளே இருக்கும் தண்ணீர் நெத்திலியை அடித்துக்கொண்டு போய்விடும், தோல் வாயில் நிற்கும். ஹில்டா செய்வதாக இருந்தால் இந்த மிளகாயைத்தான் வாங்கவேண்டும், வேறு வழி இல்லை.

இன்னொன்று தொலோசாவின் கறுப்பு பீன்ஸ். மெதுவாக வேகவைத்தால் குழம்பு சாக்லேட் நிறத்தில் கெட்டியாகும். கூடவே முட்டைக்கோஸ், இரத்தச் சாசேஜ், பன்றி விலா. மேசை நடுவில் ஒரு தட்டு பிபாரா. இதைவிடக் கனமான சாப்பாடு அந்த வட்டாரத்தில் குறைவு. அதற்கு இதைவிட நல்ல துணையும் இல்லை. பக்கத்து ஊர்களில் விளைந்த இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இறைச்சி சாப்பிடாதவர்கள் ராஜ்மா அல்லது காராமணியை ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேகவைத்து இதோடு சாப்பிடலாம், பொருத்தம் குறையாது.

செலவு என்று பார்த்தால் முதலில் விலை. கையால் பறிப்பது, சிறிய பகுதி, குறுகிய பருவம் எல்லாம் சேர்ந்து விலையைத் தூக்கிவிடும். பாட்டிலும் சிறியது. எயுஸ்கோ லேபிள் என்ற பாஸ்க் தர முத்திரை இருந்தால் காய் பாஸ்க் நாட்டில் விளைந்தது என்று நம்பலாம். முத்திரை இல்லாமல் "கிந்தீயா" என்று மட்டும் போட்டிருந்தால் அது வேறு எங்கோ விளைந்த, தோல் தடித்த மிளகாயாக இருக்கலாம். விலை குறைவாக இருக்கிறதே என்று அதை எடுத்தால் ஹில்டாவில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடுப்பில் வேகவைக்க இதை வாங்காதீர்கள். சூட்டில் இதன் மொறுமொறுப்பு போய்விட்டால் கொடுத்த காசுக்கு ஒன்றும் மிஞ்சாது.

## துருக்கியின் துர்ஷு மிளகாய்

துருக்கியில் துர்ஷு, அதாவது ஊறுகாய், விற்பதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. கண்ணாடி ஜாடிகளில் முட்டைக்கோஸ், வெள்ளரி, தக்காளிக்காய், பீட்ரூட், மிளகாய் என்று வரிசையாக இருக்கும். பூர்ஸா மாகாணத்தில் கெதெலெக் என்ற ஊர் இதற்குப் பேர்போனது. இஸ்தான்புல்லின் எமினோனுவில் மீன் ரொட்டி சாப்பிடுபவர்கள் பக்கத்திலேயே ஊறுகாய்த் தண்ணீரை ஒரு கோப்பை வாங்கிக் குடிப்பார்கள்.

இங்கே மிளகாய் பெரும்பாலும் உப்புநீரில் புளிக்கவைக்கப்படுகிறது. பூண்டு சேரும், சில வீடுகளில் புளிப்பைத் தொடங்கிவைக்க ஒரு கை கொண்டைக்கடலை போடுவார்கள். பிறகு எலுமிச்சையா வினிகரா என்பதில் அங்கே குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. எனக்கு எலுமிச்சை போட்டதுதான் பிடிக்கும். வினிகர் சேர்த்தால் புளிக்கவைத்த ருசி பின்னுக்குப் போய்விடுகிறது.

எங்கே பொருந்தும்? கிரில்லில் சுட்ட இறைச்சி, தோனர், அரிசிச் சோறு, குரு ஃபசுல்யே எனும் வெள்ளை பீன்ஸ் குழம்பு. சோறும் குழம்பும் சேர்த்துப் பக்கத்தில் ஊறுகாய் என்ற அமைப்பு நமக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதே இல்லை. நீங்கள் வாரத்தில் பல நாள் சோற்றோடுதான் சாப்பிடுகிறீர்கள் என்றால் மற்ற எல்லாவற்றையும்விட இது சீக்கிரம் காலியாகும். சாலட்டுக்கும் பீட்சாவுக்கும் அவ்வளவு சேராது. புளித்த வாசனை மேலே தூக்கும்.

கவனிக்கவேண்டியது காரம். துருக்கிக் கடைகளில் காரமானதும் காரமில்லாததும் ஒரே மாதிரி பாட்டிலில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். லேபிளில் "டாட்லி" என்றால் இனிப்பு வகை, "அஜி" என்றால் காரம். அடுத்து, ஏற்றுமதிப் பாட்டில்களில் பல சூடாக்கிப் பதப்படுத்தப்பட்டவை. அவற்றில் நுண்ணுயிர் உயிரோடு இருக்காது. வயிற்றுக்கு நல்லது என்று நினைத்து வாங்குபவர்கள் ஃபிரிட்ஜில் வைத்து விற்பதைத்தான் எடுக்கவேண்டும். அதைத் திறந்ததும் வாசனை ஃபிரிட்ஜ் முழுக்கப் பரவும், மூடியை இறுக்கி வையுங்கள்.

## உருண்டை வகைகள்: பப்பச்செல்லாவும் செர்ரி மிளகாயும்

நேப்பிள்ஸ் பகுதியின் பப்பச்செல்லா சின்னப் பூசணி போல வரிவரியாக, சதைப்பற்றோடு இருக்கும். வினிகரில் போட்டு வைத்து இரண்டு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, வெந்த காலிஃபிளவர், ஆலிவ், நெத்திலி, கேப்பர் இவற்றோடு சேர்த்து இன்சலாத்தா தி ரின்ஃபோர்ட்சோ எனும் சாலட். இன்னொன்று பன்றி இறைச்சியோடு வதக்கல். கொழுப்பு உருகும்போது வினிகர் மிளகாயைப் போட்டுப் புரட்டினால் இறைச்சிக்கு இனிப்பும் புளிப்பும் ஒரே நேரத்தில் ஏறும். அடுப்பில் போட்டாலும் உருவம் கலையாமல் நிற்பது இந்தத் தடித்த சதையால்தான். ஆகவே சமைப்பதற்கு என்றால் இதுவே என் முதல் தேர்வு. இத்தாலிக்கு வெளியே கிடைப்பது கடினம். கிடைக்காவிட்டால் வினிகரில் போட்ட இனிப்பு செர்ரி மிளகாய் போதும்.

பீட்மோண்ட் பக்கம் சின்ன உருண்டை மிளகாயை வினிகரில் கொதிக்கவிட்டு, உள்ளே சூரை மீன், நெத்திலி, கேப்பர் அடைத்து, ஆலிவ் எண்ணெயில் மூழ்கடித்து வைப்பார்கள். விருந்துக்கு வைத்தால் முதலில் காலியாகும் தட்டு. ஆனால் இதன் காரம் மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் கூடுதலாக இருக்கலாம். "டோல்ச்சி" என்றால் இனிப்பு, "பிக்கான்டி" என்றால் காரம் என்று பார்த்து எடுங்கள்.

இதை வீட்டில் செய்ய ஆசைப்படுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எண்ணெய்க்கு அடியில் காற்று கிடையாது. அமிலம் போதாமல் அமில அளவு 4.6 பிஎச்சுக்கு மேலே இருந்தால் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமி அங்கே வளரும். வாசனையிலோ நிறத்திலோ தெரியாது. மீன் அடைத்ததை வீட்டில் செய்தால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் முடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வைக்கவேண்டும் என்றால் தொழிற்சாலையில் செய்ததை வாங்குவதே சரி.

## பனானா மிளகாய், அப்புறம் நம் பஜ்ஜி மிளகாய்

பனானா மிளகாய் 0 முதல் 500 ஸ்கோவில். வளையமாக நறுக்கிப் பாட்டிலில் வருவது பெரும்பாலும் இதுதான். மலிவு, சீரான ருசி, உள்ளே தண்ணீர் தங்காது. பீட்சா, சாண்ட்விச்சுக்கு நல்லது. இதில் எதிர்பாராத சுகமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. விதை வாங்கி வளர்ப்பவர்கள் ஹங்கேரியன் வேக்ஸ் என்ற வகையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பார்க்க அச்சு அசல் இதே, காரமோ பல மடங்கு.

பாட்டில் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு பஜ்ஜி மிளகாய் போதும். நீளம், நிறம், மிதமான காரம் எல்லாம் இந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போகிறது. தோல் கொஞ்சம் தடிப்பு, அதனால் முழுதாகப் போடாமல் அரை அங்குல வளையமாக நறுக்கிப் போடுங்கள். வாங்கியதும் ஒன்றைக் கடித்துப் பார்ப்பது நல்லது, சில சமயம் காரமாக இருக்கும். காரம் இருந்தால் விதையைத் தட்டுவது மட்டும் போதாது. உள்ளே விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில்தான் காரம் இருக்கிறது, அதைச் சுரண்டி எடுக்கவேண்டும்.

வினிகர் முறைதான் சுலபம். வினிகரும் தண்ணீரும் சம அளவு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி கல் உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை. கொதிக்கவைத்து மிளகாய் வளையங்கள் மேல் ஊற்றி, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாளில் தயார். அமெரிக்க, ஐரோப்பிய செய்முறைகள் 5% அமிலம் உள்ள வினிகரைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் செயற்கை வினிகரில் பெரும்பாலும் 4% என்று போட்டிருக்கும். அதனால் தண்ணீரைக் குறைத்து வினிகரைக் கூட்டுங்கள், வெளியே அலமாரியில் வைக்காதீர்கள்.

துருக்கி முறையில் புளிக்கவைக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல் உப்பு. மிளகாயில் ஊசியால் இரண்டு துளை, நான்கு பல் பூண்டு, பத்துக் கொண்டைக்கடலை. மிளகாய் முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க மேலே ஒரு சிறு தட்டை அழுத்தி வையுங்கள். மூடியைத் தளர்வாக விடவேண்டும், வாயு வெளியேற வழி வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் இதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். சென்னை வெயிலில் ஐந்தாறு நாளில் புளித்துவிடும், அதற்குமேல் விட்டால் குழைந்துபோகும். ஆகவே நான்காம் நாளிலிருந்து ருசி பார்த்து, பிடித்த புளிப்பு வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்படவேண்டாம், அமிலத்தில் அப்படி ஆவது உண்டு. மேலே மெல்லிய வெள்ளை ஆடை படர்ந்தால் எடுத்துப் போட்டுவிடலாம். பஞ்சு போலவோ கறுப்பாகவோ பூஞ்சை வந்தால் மொத்தத்தையும் கொட்டவேண்டியதுதான்.

## ஒரே பார்வையில்

| வகை | புளிப்பு | தோல் | பொருந்தும் இடம் | பொருந்தாத இடம் |
|---|---|---|---|---|
| பெப்பரோன்சினி | வினிகர், நடுத்தரம் | மெல்லியது, உள்ளே தண்ணீர் | பீன்ஸ் சூப், ஃபெட்டா, சாலட் டிரெஸ்ஸிங், கோழி | முழுதாக சாண்ட்விச்சில் |
| பிபாரா | ஒயின் வினிகர், மென்மை | மிக மெல்லியது | ஹில்டா, கறுப்பு பீன்ஸ், நெத்திலி | அடுப்பில் வேகவைக்க |
| துர்ஷு மிளகாய் | உப்புநீரில் புளித்தது, ஆழம் | நடுத்தரம் | சோறு, சுட்ட இறைச்சி, பீன்ஸ் குழம்பு | பீட்சா, மென்மையான சாலட் |
| பப்பச்செல்லா, செர்ரி | வினிகர், இனிப்போடு | தடிப்பு | வதக்கல், அடைத்தது | மென்மையான சிறுகடி |
| பனானா, பஜ்ஜி மிளகாய் | நீங்கள் போடுவதைப் பொறுத்தது | நடுத்தரம் முதல் தடிப்பு | பீட்சா, ரொட்டி, அன்றாடம் | ஹில்டா |

## இதற்குள் வராத இரண்டு

அதே அலமாரியில் சிவப்பாக இரண்டு பாட்டில்கள் இருக்கும்: வட கிரீஸின் ஃபுளோரினா மிளகாய், ஸ்பெயினின் நவாரா பகுதி லொதோசா ஊரின் பிகீயோ. இரண்டும் நெருப்பில் சுட்டுத் தோல் உரித்தவை. இனிப்பும் புகை வாசமும்தான் அவற்றின் குணம். புளிப்பு மிகக் குறைவு, காரம் கிட்டத்தட்ட இல்லை. பிகீயோவில் உப்பிட்ட காட் மீனை மசித்து அடைத்துச் சாப்பிடுவது அருமையான உணவு. ஆனால் ஊறவைத்த மிளகாய் கேட்கும் செய்முறையில் இவற்றைப் போட்டால் புளிப்பு வரவேண்டிய இடத்தில் இனிப்பு வந்து நிற்கும். ஹாலபீனோ வளையங்களும் அப்படித்தான். அது மெக்சிகோ சமையலுக்கு உரியது; காரம் மேலோங்கி ஃபெட்டாவையும் ஆலிவையும் அமுக்கிவிடும்.

## சரி, எதை வாங்குவது?

ஒரே ஒரு பாட்டில்தான் வாங்கமுடியும் என்றால் நிறமி சேர்க்காத பெப்பரோன்சினி. எல்லாவற்றிலும் முதலிடம் பெறாவிட்டாலும் பெரும்பாலான இடங்களில் இரண்டாமிடத்துக்குக் குறையாது, தண்ணீரும் வீணாகாது.

விருந்தினர் வருகிறார்கள், சமைக்க நேரமில்லை, நல்ல நெத்திலி டின் ஒன்று கையில் இருக்கிறது என்றால் பிபாரா. நெத்திலிக்குச் செலவு செய்துவிட்டு மிளகாயில் மிச்சம் பிடிக்காதீர்கள். சைவ வீட்டில் நெத்திலியை விட்டுவிட்டு வெயிலில் காய்ந்த தக்காளித் துண்டு வைக்கலாம், அது ஹில்டா ஆகாது என்றாலும் நன்றாக இருக்கும்.

தினமும் சோறு, பருப்பு, பயறு என்று சாப்பிடும் வீட்டுக்கு துர்ஷு. பக்கத்தில் துருக்கிக் கடையோ அரபுக் கடையோ இருந்தால் விலையும் கட்டுப்படியாகும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் வாங்கியதைக் கழுவி, பத்து நிமிடம் வெறும் தண்ணீரில் போட்டு எடுத்தால் மேலோட்டமான உப்பு கொஞ்சம் இறங்கும். முழுதாக இறங்காது என்பதால் அளவையும் குறைக்கவேண்டும்.

இறைச்சி வதக்கலுக்குத் தடித்த உருண்டை வகை. தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இறக்குமதி பாட்டிலுக்குக் காசு கொடுக்க மனமில்லை என்றால் பஜ்ஜி மிளகாய். ஃபலாஃபெலுக்கும் பீட்சாவுக்கும் வீட்டில் போட்டதுதான் எனக்கு மலிவான இறக்குமதிப் பாட்டிலைவிடப் பிடிக்கிறது, ஏனென்றால் அதன் உப்பும் புளிப்பும் நம் கையில் இருக்கிறது.

விலையை ஒப்பிடும்போது பாட்டிலின் மொத்த எடையைப் பார்க்காதீர்கள். "வடிகட்டிய எடை" என்று தனியாகச் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். முழு மிளகாய் போட்ட பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீராக இருக்கும், வளையம் போட்டதில் காய் கூடுதலாக அடங்கும். வடிகட்டிய 100 கிராமுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலிவு என்று நினைத்த பாட்டில் சில சமயம் மலிவாக இருக்காது. திறந்த பிறகு காய்கள் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கட்டும், ஈரக் கரண்டியோ கையோ போடாமல் உலர்ந்த முள்கரண்டியால் எடுங்கள்.